டர்பனுக்கு அக்கா வர்ற அன்னைக்கு

பெகி,

உங்க சோன்டோ அக்கா பிள்ளைங்களோட மத்தியானப் பஸ்ல வர்றாங்க. நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க, ஊருக்குப் புதுசு. சோளக்களியும் கோழிக்குழம்பும் அடுப்பு மேல இருக்கு. கடல்ல ஆபத்தில்லன்னு காவலாளுங்க கொடி நட்ட இடத்துல மட்டும் பிள்ளைங்க குளிக்கட்டும். இருட்டுறதுக்குள்ள திரும்பிடுங்க.

"யாரும் வர வேணாம்னு சொல்லிடவா?"னு நேத்து கேட்டீங்க. வரட்டும். வீட்டுல சத்தம் கேக்கட்டும். எனக்கு அழுகைகூட வரல, வேலைக்குப் போறேன்.

நம்ம குழந்தை வயித்துலயே போனதை அக்காகிட்ட வழியிலயே சொல்லிடுங்க. என்னால முடியாது.

லெங்கிவே

பி.கு.: அக்கா குட்டி ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு இருந்தாங்க. கொண்டு வந்தா இப்போ எனக்குக் காட்ட வேணாம். ஆனா திருப்பிக் கொடுத்துடாதீங்க.