ஒன்பது வீட்டு விதைநெல்

லாகுவான் மலை, பனாய் தீவு
அக்டோபர் 12, சனிக்கிழமை

அன்புள்ள ரொதெலியோவுக்கு,

மெர்லிந்தா எழுதுவது. நானும் நம் பிள்ளை ஜொவெலினும் சுகம். கப்பலில் உங்கள் முதுகுவலி தேவலையா? போனை எடுத்தாலே எனக்கு அழுகை முட்டுகிறது, பேச்சு வரமாட்டேன் என்கிறது. அதனால்தான் கப்பலுக்குத் திரும்புகிற அர்னுல்ஃபோவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அறுவடை முடிந்தது. நம் ஊர் ஒன்பது வீட்டிலும் குத்தின சிவப்பரிசிக்குள் அங்கங்கே மஞ்சள் அரிசி கிடக்கிறது. அடுத்த சனிக்கிழமை கொள்முதல்காரர்கள் வருகிறார்கள். கலப்படம் என்றால் ஒரு மூட்டையைக்கூடத் தொட மாட்டார்கள்.

ஜூனில் உங்கள் தங்கை நெனிதா வந்தாளே, "அண்ணி, இது மரபணு மாத்தின நெல்லு. அரிசி மஞ்சளா இருக்கும், பிள்ளை கண்ணுக்கு நல்லதாம்" என்று ஆசையாக ஒரு பை கொண்டுவந்தாள். விதையோடு வருகிற உறவு தன் கையால் ஒரு பிடியை, ஊருக்காக நான் காக்கிற விதைநெல் குவியலில் போடுவது நம் வழக்கமாயிற்றே, போடச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? மறுநாள் அந்தக் குவியலிலிருந்துதான் எல்லா வீட்டுக்கும் விதை அளந்தேன். பையில் மிச்சமிருந்த நெல்லைக் குத்திச் சோறாக்கினேன், ஜொவெலின் விரும்பித்தான் தின்றாள். அந்த நெல்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் உமிக்குள் இருக்கையில் எல்லாம் ஒரே நிறம். இனி எது நம் விதை என்று எப்படிப் பிரிப்பேன்?

ஊர் ரோட்டோர வீட்டு கிரெசென்சியாவைப் பிடித்துக்கொண்டது. டவுனில் அவள் விதை வாங்கினாளாம். "ரோட்டோரத்து மகாராணி நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டா" என்று குழாயடியில் அவள் காதுபடவே பேசுகிறார்கள். வேலைக்கும் கூப்பிடுவதில்லை. நேற்று என்னிடம் வந்து, "நீயாவது என்னை நம்புறியா மெர்லி?" என்றாள். நான் தலை நிமிராமல் அரிசி பொறுக்கினேன். சீ, நானும் ஒரு மனுஷியா!

புதன்கிழமை போனில் நான் அழுதுகொண்டே பாதி சொல்வதற்குள், "வாயைப் பொத்திக்கிட்டு இரு, என் தங்கச்சி பேரு வெளிய வரக்கூடாது" என்றீர்கள். மூன்று நாள் பொத்திக்கொண்டிருந்தேன், சோறு இறங்கவில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறேன். நெனிதா பேர் வராது, நான்தான் போட்டேன் என்பேன். இனி என் கையால் யாரும் விதை வாங்க மாட்டார்கள். அதைத் தாங்கிக்கொள்வேன்.

மாதா உங்களைக் கடலில் பத்திரமாக வைத்திருக்கட்டும். கடிதம் கிடைத்ததும் போன் செய்யுங்கள். திட்டுவதற்காகவாவது செய்யுங்கள்.

உங்கள்
மெர்லிந்தா