சிவப்புப் பெட்டியும் மூண்டு சிப்பும்

மார்ச் 7, செவ்வாய்

வெக்கை. விடிய ஒரு தூறல், அதோட சரி. புதுக்கடை ஒஃபிஸில நாள் முழுக்க காணி உறுதி டைப் பண்ணினது. மனம் கிராண்ட்பாஸ் கராஜில.

பெட்டி வந்திட்டுது! கராஜ்காரர் ஃபஸீல் நானாட தம்பி டுபாயில இருந்து அனுப்பினது. (இனி ஃப.நா. எண்டு எழுதுவன், கை நோகுது.) உள்ளங்கை அளவு, சிவப்பு. ஸ்டார்ட் கோட்டில கிளச்சையும் அக்ஸிலரேட்டரையும் அடிமட்டும் அமத்தி வச்சிருக்கலாம். நாங்கள் வச்ச ஆர்.பி.எம்.முக்கு மேல எஞ்சின் போகாது. கிளச்சை விட்டா பாயும். எவ்வளவு எண்டதுக்கு மூண்டு சிப்: 3500, 4500, 5500. ஒரு நேரத்தில ஒண்டுதான் குத்தலாம்.

நான் 5500. ஃப.நா. 3500. "தங்கச்சி, செல்றத்த கேளுங்க. ஆக்ஸில் முறிஞ்சா இந்தக் காருக்கு வேற ஆக்ஸில் இந்த நாட்டுலயே இல்ல." மாளிகாவத்தை மனுசன், எதைத் துவங்கினாலும் முறிவில இருந்துதான் துவங்குவார்.

கார் பாதி அவருக்கு, பாதி எனக்கு. ரேஸிலயும், மற்ற நாளில வீட்டுக்கும் ஓடுறது நான். ஆனா போன ரெண்டு ரேஸிலயும் ஸ்டார்ட்டில நித்திரை கொண்டனானாம். இந்த ஞாயிறும் அப்பிடியெண்டா சீட் அவர்ட மச்சான் ரிஸ்வானுக்கு. ஓம் எண்டு சொன்னனான். வாயாலதான்.

எடை குறைக்கக் கழட்டினது: பின் சீட், ஸ்பெயார் வீல், கார்ப்பட், கூரை லைட். லைட்டுக்கு ஃப.நா. சிரிச்சார். "அது என்ன எடை ஈக்கி?" கழட்டினது கழட்டினதுதான்.

பெட்டியை வீட்ட கொண்டுபோய் ஆறுதலாப் பார்ப்பமெண்டால், "வயர் தொங்குற பெட்டியோட செக்பொயின்ட் தாண்டி வெள்ளவத்தைக்கா? புத்தி ஈக்கா?" எண்டார். அதுவும் சரி. அதோட வந்த பேப்பரை மட்டும் கொண்டு வந்தன்.

மார்ச் 9, வியாழன்

ஐயோ இண்டைக்கு நடந்த கூத்து.

பின்னேரம் கராஜில பெட்டியைப் பூட்டி, 5500 குத்தி, காலை அடிமட்டும் குடுத்தன். பட-பட-பட-படார்! ஸ்பார்க்கை வெட்டி வெட்டித்தானே எஞ்சினைப் பிடிச்சு வைக்குது, சைலன்ஸரால வெடி. பேப்பரில சத்தம் பற்றி ஒரு சொல் இல்லை. லேன் முழுக்க ஷட்டர் விழுந்திட்டுது. முன் வீட்டு அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளுக்கு ஓடினா. பிறகு துவக்கோட ரெண்டு ஆமிக்காரர்.

ஃப.நா. கையை மேல தூக்கிக்கொண்டு சிங்களத்தில கதை. என்ட அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தை ரெண்டு தரம் வாசிச்சாங்கள். யாழ்ப்பாணம். என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாங்கள். ஒருத்தன் பொனட்டுக்குள்ள எட்டிப் பார்த்து, எவ்வளவு ஸ்பீட் போகும் எண்டு கேட்டான். நான் கொஞ்சம் கூட்டியே சொன்னன். சிரிச்சான். மற்றவன் சிரிக்கேல்ல. "ஆய் சத்த கரண்ட எப்பா." திரும்பச் சத்தம் போடாதேயாம்.

ஆகவே ஊருக்குள்ள டெஸ்ட் இல்லை.

வீட்ட வந்து சொன்னா அம்மா, "தாலி ஏற வேண்டிய வயசில கார் ஏறுறாள். போன தரம் டயர் எண்டாய், இப்ப ஏதோ பெட்டி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்." நல்லாப் பேசிப்போட்டு, ரெண்டு குழல் புட்டும் மாம்பழமும் வச்சா. ரெண்டையும் சாப்பிட்டன்.

மார்ச் 11, சனி

காரை லொறியில ஏத்தி, தெரிஞ்ச ஆளிட தென்னந்தோட்ட ரோட்டுக்கு. வெடிச்சா காகம்தான் பறக்கும். ஃப.நா. முன்னுக்கு நிண்டு கைலேஞ்சித் துண்டைக் கீழ போடுவார், நான் பாயோணும்.

5500: டயர் சும்மா நிண்ட இடத்தில சுத்துது, ஒரே புகை. என்ட சிப். கவலைதான்.
3500: ஃப.நா.ட சிப். மாட்டுவண்டி. கிளச்சை விட எஞ்சின் அமந்து, இருமி, பிறகுதான் எழும்புது.
4500: அம்மாடி! முதுகு சீட்டில ஒட்டிப்போச்சு. டயர் ஒருக்கா கீச்சிட்டுது, பிறகு பிடிச்சுது.

ரெண்டு பேரும் தோத்ததில ரெண்டு பேருக்கும் சந்தோசம். நாளைக்கு 4500. ரிஸ்வானை நினைச்சால் பாவமாக் கிடக்கு. சீட் என்ட.

மார்ச் 12, ஞாயிறு

எழுத நிறையக் கிடக்கு. கடற்கரைப் பக்கத்துப் பழைய ஓடுதளம், காத்தும் மணலும். வழமை மாதிரி ஒழுங்கெல்லாம் செய்யிறது ஆமிக்காரர். மூண்டு ஓட்டம், திறமான நேரம்தான் கணக்கு.

முதல் ஓட்டம், 4500. மாட்டுவண்டி! எஞ்சின் அமந்து, இருமி... நேத்துப் பாய்ஞ்ச அதே கார். ரிஸ்வான் தன்ட ஹெல்மெட்டைத் துடைச்சுக்கொண்டு நிண்டான்.

"சிப் காணாது, 5500 போடுங்கோ" எண்டு கத்தினன். போட்டார். ரெண்டாவது ஓட்டம், திரும்ப மாட்டுவண்டி. 5500க்கு டயரெல்லோ சுத்தோணும்?

ஃப.நா. என்னை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "தங்கச்சி, பெட்டில பிழ இல்ல. வெடிச் சத்தமே வரல்ல. நீங்க கால எடுத்துட்டீங்க."

"விசர்க் கதை! நான் எடுக்கேல்ல!"

"கை ஏன் மேல போச்சு?"

"என்ன கை?"

தன்ட கையைத் தலைக்கு மேல தூக்கி, இல்லாத ஒரு சுவிச்சைத் தட்டிக் காட்டினார். சிரிப்பமெண்டு துவங்கினவர், பாதியில நிப்பாட்டிப்போட்டார்.

அப்பதான் எனக்குப் பிடிபட்டுது. கொடி பிடிக்கிறது ஆமிக்காரன். யூனிஃபோர்மோட காருக்கு முன்னால வந்து நிண்டு கையை உயர்த்துவான். வெள்ளவத்தையில இருந்து கிராண்ட்பாஸுக்குப் போக எத்தினை செக்பொயின்ட்! கை உயர்ந்தா காலை எடு, கூரை லைட்டைப் போடு, முகத்தைக் காட்டு. ரெண்டு ஓட்டமும் நான் அதைத்தான் செய்திருக்கிறன். போன ரேஸுகளிலயும் அதேதான் போல. வெக்கமாயும் இருந்துது, கோவமாயும் இருந்துது. சிப்புக்காக ஒரு கிழமை சண்டை, என்ட கால் சிப் வரைக்கும் போகவேயில்லை.

"4500ஐத் திரும்பக் குத்துங்கோ. நான்தான் ஓடுவன்." ஃப.நா. ரிஸ்வானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குத்தினார்.

நான் நேராக் கொடிக்காரனிட்டப் போனன். கிட்டப் பார்த்தா என்ட வயசுதான் இருக்கும், காதுக்குக் கீழ ஒரு தழும்பு. சிங்களத்தில சொன்னன்: அண்ணை, இந்தத் தரம் என்ட காரில பெரிய சத்தம் வரும், வெடி மாதிரி. பயப்படாதேங்கோ.

முகம் மாறிச்சுது. வடக்கில இருந்து வந்து கொஞ்ச நாள்தானாம். "ஹொந்தாய் கிவ்வ எக," எண்டான். சொன்னது நல்லமாம். பிறகு மெதுவா, எவ்வளவு நேரம் வெடிக்கும் எண்டு கேட்டான். நீங்கள் கொடியை விடுற மட்டும் எண்டன்.

மூண்டாவது ஓட்டம். அவன் முன்னால வந்தான். கை உயர்ந்துது. என்ட கால் துடிச்சுது, சத்தியமாத் துடிச்சுது. அமத்தினன். பட-பட-பட-பட! ஆக்கள் காதைப் பொத்திச்சினம், வேலியோரம் நிண்ட ஒருத்தன் நிலத்தில குந்தினான். கொடிக்காரன்ட கண் மூடித் திறந்துது. கை இறங்கேல்ல. நான் காலை எடுக்கேல்ல.

கொடி விழுந்துது. போனன்.

எங்கட பிரிவில ரெண்டாவது! முதலாவது வந்தவன் இறக்குமதி எஞ்சின் போட்டவன், அவனைக் கணக்கில எடுக்கேலாது. ஆக்ஸில் முழுசு. ரிஸ்வான் வந்து, துடைச்சு வச்சிருந்த தன்ட ஹெல்மெட்டை என்ட கையில தந்தான். "அக்கா, நல்லா ஓடினீங்க." நல்ல பெடியன்தான்.

மார்ச் 13, திங்கள்

முதுகு நோ. ஒஃபிஸில டைப் பிழை மேல பிழை.

பின்னேரம் கார் எடுக்கப் போனன். பின் சீட், கார்ப்பட் ஒண்டும் இன்னும் பூட்டேல்ல, எல்லாம் சுவரோட சாத்திக் கிடக்கு. கூரை லைட் மட்டும் பூட்டிக் கிடக்கு. பல்பும் புதுசு.

"இதை ஏன் இப்ப? அடுத்த ரேஸுக்குத் திரும்பக் கழட்டோணும். எடை."

ஃப.நா. கையைத் துடைச்சுக்கொண்டே, "ஈக்கட்டும். வீட்டுக்குப் போற வழில கை தேடும்" எண்டார்.