அடுத்த தெருக்காரர் எழுதிய பதில்

வியாழக்கிழமை இரவு

நாங்கள் செய்து விற்கும் கிரைண்டரின் வீடியோவுக்குக் கீழே இன்று காலை பவானியிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். "புதுக் கிரைண்டருங்க. மாவுல கல்லு நறநறங்குது. யாரும் வாங்கிப்போடாதீங்க." மத்தியானத்துக்குள் ஆளாளுக்குத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பேஸ்புக் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் திவ்யா, "அழிச்சுப்போடட்டுங்களா அக்கா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஆனால் என்ன பதில் எழுதுவதென்று எனக்கும் தெரியவில்லை.

அதற்குள் குப்புசாமி எழுதிவிட்டார். பீளமேட்டில் எங்களுக்கு அடுத்த தெருவில் கிரைண்டர் செய்கிறவர். என் டீலர்கள் இரண்டு பேரை அவர் இழுத்துக்கொண்டதிலிருந்து எங்களுக்குள் பேச்சே கிடையாது.

"புதுக் கல்லு அப்படித்தானுங்க அம்மணி. ஊறவெச்ச அரிசியை ரெண்டு தடவை ஆட்டிக் கீழ ஊத்திப்போடுங்க, சரியாப் போயிரும். அவங்க கல்லு நல்ல கல்லுங்க."

"செஞ்சு பாக்கறேனுங்க" என்று அந்தப் பெண் எழுதினாள். அதோடு திட்டுகிறவர்களும் அடங்கிவிட்டார்கள். எனக்குத்தான் மனசு அடங்கவில்லை. சாயங்காலம் அவருக்கே போன் செய்தேன்.

"ஏனுங்க, எனக்காக எதுக்குங்க எழுதுனீங்க?"

சிரித்தார். "உங்க கல்லும் என்ற கல்லும் ஒரே குவாரிதானுங்களே."

பிறகு, சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அப்போதிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் பெயரைக் காப்பாற்றினாரா, தன் வியாபாரத்தையா? இரண்டும்தானோ என்னவோ. எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். அவருடைய வீடியோவில் இப்படி ஒருத்தி எழுதியிருந்தால், நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.