போர்வையின் நுனி

என் அன்பு வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் எனக்குத் தினமும் விடிகிறது; இங்கே நாங்களும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன், அதனால் எழுதிக் கொடுக்கிறேன், அண்ணன் படமெடுத்து உனக்கு அனுப்பிவிடுவான்.

அப்பாவுக்குச் சின்ன மயக்கம், வீட்டுக்கு வந்துவிட்டார் என்று அவன் உன்னிடம் சொன்னது பாதிதான் நிஜம். வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் வந்தது மயக்கம் இல்லை, பக்கவாதம். பேச்சு வரவில்லை, வலது பக்கம் அசையவில்லை, கண் திறந்திருந்தாலும் யாரையும் பார்ப்பதில்லை. நீங்கள் அனுப்புகிற விண்கலம் கிளம்புகிற நேரத்தில் உன்னைக் கலக்கக் கூடாது என்று மறைத்தோம், திட்டாதே. நாம் பேசுவது அவருக்குக் கேட்கிறதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாதும்மா என்றார். எனக்கு நீயும் அப்பாவும் போடும் ஞாயிற்றுக்கிழமைச் சண்டைதான் ஞாபகம் வந்தது. மனுஷன் போய்ப் பார்க்காத கடைசி இடம் விண்வெளிதான் என்பாய் நீ. துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் முங்கி வேலை பார்த்தவர் சும்மா இருப்பாரா, காலுக்குக் கீழ இருக்கிற தண்ணியவே இன்னும் முழுசா பாத்து முடிக்கல, அதுக்குள்ள மேல ஏணி போடறீங்களாக்கும் என்பார். கடலுக்குத் தரைன்னு ஒண்ணு இருக்குப்பா, வானத்துக்கு அதுவும் கிடையாது என்று ஒரே போடாகப் போட்டாயே, அன்று எம்பொண்ணு என்னையே மடக்கிட்டா என்று தெருவெல்லாம் சொல்லிப் பூரித்துப் போனார். எனக்கோ, ஒரு முழம் தள்ளிப் படுத்திருக்கிற மனுஷனிடம் போய்ச் சேர வழி தெரியவில்லை.

இடது கையால் போர்வையை இழுத்துக்கொண்டே இருந்தார். குளிர்கிறதோ புழுங்குகிறதோ என்று போர்த்துவதும் விலக்குவதுமாக இருந்து பார்த்தேன், கடைசியில் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகிவிட்டேன். நேற்று உன் கயிறு மாமா வந்தார். அப்பா தண்ணீருக்குள் இருக்கும்போது படகில் உட்கார்ந்து அவர் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பவர் அல்லவா, அப்பா போர்வையை இழுப்பதைப் பார்த்ததும் மாமாவின் முகம் மாறிவிட்டது. தங்கச்சி, இது ஒத்தை இழுப்பு, மேல ஆள் இருக்கியான்னு கேக்குறான், பதில் குடுக்கணும்மா என்று சொல்லி, போர்வையை உருவி ஒருமுறை மெதுவாக இழுத்தார். அப்பாவின் கை அடங்கிவிட்டது. இத்தனை நாளும் அவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், நான் செருகி வைத்திருக்கிறேன். எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது, அம்மாடி.

இப்போது நுனி என் கையில். அவர் இழுக்கும்போதெல்லாம் நானும் இழுக்கிறேன். ஆனால் வரவர லேசாகிறது, நேரம் கழித்துக் கழித்து வருகிறது. வரவேண்டியவங்கள வரச்சொல்லிடுங்க என்கிறார் டாக்டரம்மா. உன் கலம் நீ இல்லாமலும் கிளம்பும். கலத்திலிருந்து ஒரு சின்ன சத்தம் வந்தாலும் பதில் அனுப்ப ராப்பகலாக ஆள் உட்கார்ந்திருப்போம் என்றாயே, அந்த வேலையை இங்கே வந்து செய்.

வெறும் வயிற்றோடு கிளம்பாதே, ஸ்வெட்டரை மறக்காதே. அழுவதை வாசலிலேயே அழுது முடித்துவிட்டு உள்ளே வா. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வானம்தான் கடைசி என்று உன் கட்சியையே பேசு, இந்த முறை எதிர்த்துப் பேச மாட்டார். நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கே இருந்தாலும் உன்னைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இருக்க வேண்டும்.

ஒரு கையில் போர்வை இருப்பதால் தாளைப் பிடிக்க முடியவில்லை, எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்.

உன்
அம்மா