கிளட்ச் பிடிக்க வராத கை

அன்புள்ள கண்ணா,

நீ உடம்புக்கு ஒண்ணும் இல்லாம வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாத் தூங்கணும்னுதான் அம்மாவுக்கு எப்பவும் வேண்டுதல். நாங்களும் அப்படியே இருக்கோம்னு எழுத உட்கார்ந்தேன், வரலடா. போன்ல சொல்லலாம்னா அப்பா பக்கத்துலயே காதைத் தீட்டிக்கிட்டு இருக்கார். அதான் அவர் குளிக்கப் போற நேரமாப் பார்த்து மூணு நாளா இதை எழுதறேன்.

வாரத்துல மூணு நாள் அவருக்கு டயாலிசிஸ், செவ்வாயும் வியாழனும் நான்தான் பைக்ல கூட்டிட்டுப் போறேன். வாடகைக் கார்க்காரர் சனிக்கிழமை மட்டும்தான் வர முடியும்னுட்டார், பஸ் போய்ச் சேரும்போது அவரோட முறையே தாண்டிடும். ரெண்டு மாசமா வண்டியில கிளட்ச் கல்லு மாதிரி, பிரேக் அதுக்கு நேர்மாறு, பிடிச்சா பஞ்சு மாதிரி உள்ளே போகும். பட்டறைக்குக் கொண்டு போனேன். எதைக் கேட்டாலும் நாளைக்குங்கறதால 'நாளைக்கு'ன்னே பேர் வாங்கின மெக்கானிக், என் முகத்தைப் பார்த்துட்டு அன்னிக்கே பிரிச்சுட்டான். கிளட்ச் கேபிள் உள்ளே இழை இழையாப் பிஞ்சு கிடந்தது, புதுசு போட்டான். லீவர் அசையற இடத்துல துருவைத் தேய்ச்சு கிரீஸ் வச்சான், பிரேக் ஆயிலை மாத்தி உள்ளே இருந்த காத்தை எடுத்தான். அப்புறம் ஒத்தை விரலால இழுத்துக் காட்டி, வெண்ணெய் மாதிரி இருக்கு பாருங்கக்கான்னான். நான் இழுத்தேன், எனக்கு அப்பவும் கல்லுதான். நல்லா இருக்கு தம்பின்னு சொல்லிட்டு வந்துட்டேன், வேற என்ன சொல்ல.

போன வியாழக்கிழமை மேட்டுல ஒரு லாரி பின்னாடி நின்னோம். பிரேக் பிடிச்சது, அந்தப் புண்ணியம் 'நாளைக்கு'வுக்கு. வண்டி கியர்ல இருக்கு, கிளட்ச்சைப் பிடிச்சபடி நிக்கறேன், இடது கை விரல் மரத்து ஒவ்வொண்ணா நழுவுது, வண்டி லாரியைப் பார்த்து எகிறப் போகுது. பின்னாடியிருந்து அப்பா கையை நீட்டி என் கை மேல வச்சு அமுக்கிப் பிடிச்சார். எந்தக் கை தெரியுமா, டயாலிசிஸுக்கு ஊசி குத்தற கை, ஒரு பை கூடத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கற கை. நரம்பு புடைச்சுத் துடிக்குது. நான் கத்தின கத்துல லாரிக்காரர் இறங்கி ஓடி வந்து வண்டியை ஓரங்கட்டி, எங்களை லாரியிலயே ஏத்தி ஆஸ்பத்திரியில விட்டார். அப்பா கைக்கு ஒண்ணும் ஆகல. என் கையைத்தான் நர்ஸம்மா பிடிச்சு இழுத்து டாக்டர்கிட்ட காட்டினாங்க. மணிக்கட்டுல நரம்பு அழுந்தியிருக்காம், சின்ன ஆபரேஷன், இப்பவும் சரி அதுக்கப்புறம் ஒரு மாசமும் சரி வண்டியைத் தொடக் கூடாது, தள்ளிப் போட்டா கையில பிடியே இருக்காதுன்னுட்டார். நான் மருந்து வாங்கப் போன நேரத்துல அப்பா நர்ஸம்மாகிட்ட, எனக்கு இனிமே சனிக்கிழமை மட்டும் போதும்மா, அவளுக்கு அந்தக் கை வேணும்னு சொல்லியிருக்கார். அதை என்கிட்ட சொல்லும்போதே நர்ஸம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வீட்டுக்கு வந்து கேட்டா, தமாஷுக்குச் சொன்னேங்கறார். அது தமாஷ் இல்லடா, வாரம் ஒரு தடவையில உடம்பு தாங்காதுன்னு தெரிஞ்சேதான் சொல்றார், எனக்கு அவரைத் தெரியும். செவ்வாய்க்கிழமை டாக்டர் பேச்சை மீறி நானே ஓட்டிட்டுப் போனேன். உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போனேன்னு சொல்லுவாங்க, இங்கே கைதான் எதையும் பிடிக்க மாட்டேங்குதே.

நாலு வருஷமா உன்னை ஒரு தடவை கூட வான்னு கூப்பிட்டதில்ல. இப்பக் கூப்பிடறேன். ஒரே ஒரு மாசம் வந்து அவரைக் கூட்டிட்டுப் போய் வா. நான் எழுதினது அவருக்குத் தெரிய வேண்டாம், லீவு கிடைச்சுதுன்னு சொல்லிக்கோ. வர முடியாதுன்னா முடியாதுன்னு நேராச் சொல்லிடு, வேற யார் காலையாவது பிடிக்கறேன். பார்க்கலாம்மான்னு மட்டும் சொல்லாதே, அந்த வார்த்தையை வச்சுக்கிட்டு நான் ஆபரேஷனுக்குத் தேதி வாங்க முடியாது.

நீ எந்தக் குறையும் இல்லாம நூறு வயசு வாழணும். உன் லைசென்ஸ் தேதி முடிஞ்சிருக்கும், மறக்காமப் பாரு.

உன் பதிலையே பார்த்துக்கிட்டிருக்கும்
அம்மா