காலி வண்டியில் முதல் ஆள்

யோவ், நேற்றுப் பூந்தமல்லியில் ஒரு பலாப்பழம் என் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தபோதுதான் உன் ஞாபகம் வந்தது.

கீரை வாங்கிக்கொண்டு திருவேற்காட்டுக்குத் திரும்ப ஸ்டாண்டுக்கு வந்தேன். முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ காலியாக நின்றது. புது வண்டி, துடைத்து வைத்த சீட்டு. ஓட்டுகிறவன், "வாங்கம்மா, ஏறுங்கம்மா, தோ கெளம்பிட்டேன்" என்று தொண்டை கட்டும் அளவுக்குக் கூப்பிடுகிறான். நான் அவனைத் தாண்டிப் போய், பின்னால் நின்ற ஓட்டை வண்டியில், ஏற்கெனவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கும் மடியில் பலாப்பழம் வைத்திருந்த ஒரு பெரியவருக்கும் நடுவில் என்னைத் திணித்துக்கொண்டேன். முள் குத்திய பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. வேறு யாராவது செய்திருந்தால் சரி. நான் செய்யலாமா? நீ பார்த்திருந்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்திருப்பாய்.

செத்துப்போன மனுஷனுக்கு எழுதும்போதாவது மரியாதையாக எழுது என்கிறாள் உன் மகள். நீங்கள், வாருங்கள் என்று ஆரம்பித்தால் வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நீ மடித்து வைத்துவிடுவாய். அதனால் இப்படியே இருக்கட்டும்.

கல்யாணமான புதிதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் நீ வேலை பார்த்த கம்பெனியை மூடினார்கள். கையில் வந்ததைப் போட்டு ஷேர் ஆட்டோ வாங்கினாய். திருவேற்காடு ஸ்டாண்டில் நீதான் புது ஆள். உன் வண்டியில் ஒருவரும் ஏறவில்லை. துபாயில் இருந்த உன் மாமா டிரைவர் வேலைக்கு விசா ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருந்தார். "இந்த மாசம் பாப்பேன். ஓடலன்னா வண்டிய வித்துட்டு துபாய் போறேன்" என்று நீ சோற்றைப் பிசைந்தபடி சாதாரணமாகச் சொன்னாய், ஏதோ ஆவடிக்குப் போய்விட்டு வருகிறவன் மாதிரி. நான் பட்டாபிராமில் வீடு நிறைய அண்ணன் தம்பிகளோடு வளர்ந்தவள். குளியலறைக்குக்கூட வரிசையில் நின்றவள். இந்த வாடகை வீட்டில் எனக்கு உன்னைத் தவிர ஒரு ஈ காக்கை தெரியாது. அன்றைக்கு ரசத்துக்கு மேலேயே நான் மோரை ஊற்றியதைக்கூட நீ கவனிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் உனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தேன். நீ கை கழுவப் போனாய். வெயில் தாங்காமல் நான் வண்டிக்குள் உட்கார்ந்தேன். பையும் கூடையுமாக ஒரு அம்மா வந்து என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னொருவர். அவரைப் பார்த்து ஒரு குடும்பமே. நீ ஈரக்கையோடு திரும்பி வந்தபோது வண்டி நிறைந்திருந்தது. நான் இறங்கப் போனேன். நீ கண்ணாலேயே கெஞ்சினாய். ஒரு ஆள் இறங்கினால் எல்லாரும் இறங்கிவிடுவார்கள் என்ற பயம் உனக்கு. சோற்றுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு நான் பூந்தமல்லி வரைக்கும் வந்தேன். நீ பசியோடு ஓட்டினாய், அப்படியும் விசில் அடித்துக்கொண்டு ஓட்டினாய்.

அதோடு எனக்கு வேலை கிடைத்துவிட்டது. டம்மி பாசஞ்சர். வண்டி காலியானதும் ஏறி உட்கார வேண்டும், யாரென்றே தெரியாதவள் மாதிரி. நிறைகிற சமயத்தில் ஏதாவது சாக்குச் சொல்லி இறங்கிவிட வேண்டும், அந்த இடம் நிஜமான ஆளுக்கு. "ஐயையோ, கேஸ அணைக்காம வந்துட்டேனே!" என்று நான் பதறி இறங்குவேன். நாலு பேர் உச்சுக் கொட்டுவார்கள். நீ பயங்கரக் கடுப்போடு, "இதுக்குத்தான் லேடீசு தனியா வந்தா ஏத்தறதில்ல" என்பாய். அதை மட்டும் கொஞ்சம் அனுபவித்தே சொல்வாய்.

கூட்டம் உன்னை நம்ப வேண்டுமென்று உன்னோடு பேரம் பேசினேன். நீ கேட்டதைவிடக் குறைத்துக் கேட்பேன். நீ கத்துவாய். நான் திருப்பிக் கத்துவேன். ஏறியிருக்கிற சனமெல்லாம் என் பக்கம் நிற்கும். ஒருநாள் பூக்கூடைக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்குக் கேட்கும்படியே, "உடும்மா, இவன்லாம் ஒரு ஆளா? இவனுக்குப் பொண்டாட்டியா வாச்சவ இன்னா பாவம் பண்ணாளோ" என்றாள். நான், "ஆமாம்மா, நெனச்சாலே வயிறு எரியுது" என்றேன். உன் முதுகு குலுங்கியது கண்ணாடியில் தெரிந்தது. அன்று ராத்திரி சாப்பாட்டில் நான் ஒரு முட்டை கூடுதலாக வைத்தேன்.

அந்த அம்மாதான் அடுத்த வாரமே என்னை மடக்கினாள். "நேத்து கேஸ அணைக்கலன்னு எறங்குன. அதுக்கு மொதநாளும் எறங்குன. ஊடு இன்னும் கீதா, இல்ல எரிஞ்சு போச்சா?" டீக்கடை பாய் அடக்க முடியாமல் பாலைச் சிந்தினார். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே விஷயம் தெரியும். நான் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும், "தங்கச்சி, பூந்தமல்லி போய் வந்துட்டியா? அதுக்குள்ளவா!" என்பார்.

இதற்குள் உனக்கு ஒரு ஆராய்ச்சி வியாதி பிடித்தது. காலேஜில் விலங்கியல் நடத்தும் வாத்தியார் ஒருவர் தினமும் உன் பக்கத்து சீட்டில் வருவார். சனங்கள் ஏன் காலி வண்டியில் ஏறுவதில்லை என்று நீ கேட்கப்போக, அவர் ஆதிகாலத்திலிருந்து ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்து எனக்கு ஒப்பித்தாய். "காட்டுல கூட்டத்த உட்டுத் தனியாப் போனவன புலி அடிச்சிடுச்சிமே. பயந்துகினு கும்பலோட ஒட்டிகினு கெடந்தவன்தான் பொழச்சான், புள்ள பெத்தான். நாம எல்லாம் அந்தப் பயந்தாங்கொள்ளி பேரப்புள்ளைங்க. காலி வண்டியப் பாத்தா உள்ள புலி கீதோன்னு ஒடம்பு தன்னால ஒதுங்குது."

எனக்கு அது கொஞ்சமும் ஒத்துவரவில்லை. "புலியும் இல்ல, பூனையும் இல்ல. காலி வண்டின்னா ரொம்பற வரைக்கும் குந்திக்கினு கெடக்கணும். பாதி ரொம்பின வண்டி சட்டுனு கெளம்பும். இது கணக்குய்யா. சந்தைல வெண்டக்காய ஒடச்சுப் பாத்து வாங்கறவளுக்கு இது தெரியாதா?" என்றேன்.

பயமா, கணக்கா? நம் வீட்டில் வேறு சண்டை இருந்ததாகவே எனக்கு ஞாபகமில்லை.

தீர்த்துக்கொள்ள நீ ஒரு பரீட்சை வைத்தாய். என்னைப் பாய் கடையில் உட்காரவைத்துவிட்டு, காலி வண்டியோடு நடு ரோட்டில் நின்று, "ஆளு வந்தாலும் கெளம்புறேன், வராட்டியும் கெளம்புறேன், இப்பவே!" என்று கூவினாய். கணக்குதான் என்றால் ஓடிவந்து ஏறுவார்கள், பயமென்றால் மாட்டார்கள் என்பது உன் வாதம். யாரும் ஏறவில்லை. நீயும் ரோஷத்தோடு காலியாகவே கிளம்பிப் போனாய். நீ திரும்பி வருவதற்குள், அந்த வண்டிக்கு பிரேக் இல்லையாம், அதனால்தான் ஆளே ஏறவில்லை என்று ஸ்டாண்டு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. "பாத்தியா, பயம்!" என்று நீ குதித்தாய். "ஆட்டோக்காரன் இப்பவே கெளம்புறேன்னா அரை மணி ஆகும்னு கணக்குப் போட்டுட்டாங்க" என்றேன். டீசலுக்கான செலவு மட்டும் சந்தேகமில்லாமல் நம்முடையது.

நம் வண்டி நிறைவதைப் பார்த்த மற்ற டிரைவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவன் தன் மாமியாரைக் கொண்டுவந்து உட்காரவைத்தான். இன்னொருவன் தம்பிக்கு வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டான். சனங்களும் உஷாரானார்கள். கையில் பை இல்லாதவள் டம்மி என்று கண்டுபிடித்தார்கள். நாங்கள் பை எடுத்துக்கொண்டோம். பை காலியாக ஆடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். நான் உள்ளே தலையணை வைத்தேன். அவசரமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாளே என்றார்கள். நான் வாட்ச்சைப் பார்த்து, "இன்னாப்பா, கெளம்புவியா மாட்டியா, எனக்கு ஆஸ்பத்திரி டோக்கன் கீது" என்று கத்தக் கற்றுக்கொண்டேன். நாங்கள் ஒரு படி ஏறினால் அவர்கள் ஒரு படி ஏறினார்கள். வாத்தியார் இதைக் கேட்டிருந்தால் மானும் சிறுத்தையும் என்று இன்னொரு பாடம் எடுத்திருப்பார்.

கடைசியில் அந்தக் காலை வந்தது. ஸ்டாண்டில் இருந்த அத்தனை வண்டியிலும் ஆள். ஒன்றும் நகரவில்லை. எல்லாரும் வாட்ச்சைப் பார்க்கிறோம், எல்லாரும் சலித்துக்கொள்கிறோம், எல்லாருக்கும் ஆஸ்பத்திரி டோக்கன். இட்லி ஆறி, வெயில் ஏறி, ஒரு வண்டியும் கிளம்பவில்லை. பொறுக்க முடியாமல் டீக்கடை பாய் நடுவில் வந்து நின்று, "நெஜமா பூந்தமல்லி போற ஆளுங்க மட்டும் கையத் தூக்குங்கப்பா" என்றார். ஒரு கையும் எழவில்லை. மாமியார்கள், மச்சினிச்சிகள், பெரியப்பாக்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கொஞ்ச நேரம் கழித்து, மரத்தடியில் குடையோடு நின்றிருந்த வாத்தியார் கையைத் தூக்கினார். "நான் போகணும்ப்பா. எந்த வண்டி முதல்ல கிளம்புதுன்னு பாத்துட்டு இருக்கேன்" என்றார். சிரிப்பு அடங்க ரொம்ப நேரமானது. வெள்ளைச் சட்டைத் தம்பி சீட்டிலிருந்து கீழேயே விழுந்துவிட்டான்.

அன்றைக்கே டிரைவர்கள் எல்லாரும் பாய் கடையில் பேசி முடித்தீர்கள். வந்த வரிசைப்படி ஒரு வண்டி நிறைந்த பிறகுதான் அடுத்த வண்டியில் ஏற்றுவது, டம்மி யாரும் கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். வரிசை வந்தால் எல்லாருக்கும் சமம். உனக்கு ஓடிக்கொண்டிருந்த சவாரி பாதியாகும். மாசம் முடிய வேண்டியதுதான், துபாய்தான் என்று நானாகவே முடிவு கட்டி, உன் சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டுவைத்தேன். நீ அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனாய். மாமாவுக்கு முந்தின வாரமே போன் பண்ணி வேண்டாமென்று சொல்லிவிட்டாயாம். அதைப் பாய்தான் என்னிடம் சொன்னார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "அங்க போனா யாராண்ட சண்ட போடறது?" என்றாய். நான் உள்ளே போய் அழுதேன். வெங்காயம் என்று சொன்னேன். அன்றைக்குச் சமையலில் வெங்காயமே இல்லை.

அப்புறம் ஒருநாள் மத்தியானம் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தாய். "வாமே, பூந்தமல்லி போய் வரலாம்." எதற்கு, இப்போதுதான் ஆள் தானாக ஏறுகிறதே என்றேன். "ஆளுக்கா கூப்பிட்டேன்?" என்றாய். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு எத்தனையோ வருஷம் உன்னோடு குடும்பம் நடத்திவிட்டேன்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ஸ்டாண்டில் இப்போது வரிசையும் இல்லை, பாயும் இல்லை. கள்ளிக்குப்பத்தில் இருக்கும் உன் மகள் என் போனில் எதையோ போட்டுக்கொடுத்திருக்கிறாள். தட்டினால் கீரை, மாத்திரை, இட்லி மாவு எல்லாம் வாசலுக்கே வருகிறது. "எதுக்கும்மா வெயில்ல அலையற? கணக்குப் போட்டுப் பாரு" என்கிறாள். போட்டுப் பார்த்தேன். அவள் சொல்வதுதான் சரி. ஆட்டோ காசு மிச்சம், முட்டி வலி மிச்சம். அப்படியும் தினம் ஏதோ ஒரு சாக்கில் கிளம்பிவிடுகிறேன். ஒரு கட்டு கீரைக்காகப் போகிறேன். அதையும் முழுசாகச் சமைப்பதில்லை. முன்பின் தெரியாத யாரோ நாலு பேருக்கு நடுவில் நசுங்கி உட்கார்ந்தால்தான் மூச்சே சீராக வருகிறது.

அன்றைக்கெல்லாம் நான் உன் வண்டியில் வந்து உட்கார்ந்தது வியாபாரத்துக்காக என்று நீ நினைத்தாய். ஊரும் அப்படித்தான் நினைத்தது. சாமர்த்தியக்காரி, கணக்குக்காரி என்றார்கள். நானும் ஆமாம் என்று இருந்துவிட்டேன். நீ துபாய் போய்விட்டால் அந்த வீட்டில் நான் மட்டும் எப்படி இருப்பேன் என்ற ஒன்றுதான் என்னைத் தினமும் அந்த சீட்டில் கொண்டுவந்து உட்காரவைத்தது. கணக்குமில்லை, ஒரு மண்ணுமில்லை.

பயம்தான்யா. நீ சொன்னதுதான் சரி. நீ இருந்திருந்தால் இதை ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டேன்.