மண்டல அலுவலரின் மனைவி எழுதுவது

ஹட் பே
12 ஜூன் 2013

அன்புள்ள சுரேனுக்கு,

நளினி எழுதுகிறேன். அத்தை, மாமா, நான் மூவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் மரைன் ஹில் அறையில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். அத்தை முன்னால் உன்னை ‘அவங்க, இவங்க’ என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. நான்கு வருடம் ஒரே வகுப்பறை வராந்தாவில் சண்டை போட்ட உரிமையில் கடிதத்தில் மட்டும் நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். நம் வீட்டில் சிக்னல் கிடைக்காது. மார்க்கெட் முனைக்குப் போய்ப் பேசலாம் என்றால் நம் லயத்து வரிசை வீடுகளின் சனம் பாதி அங்கேதான் நிற்கிறது. நான் பேச வேண்டியதோ அவர்கள் காதில் விழக் கூடாத விஷயம். சொர்ணம்மா அக்கா கண் காட்டுவதற்காக நாளை ஜஹாஜில் கடல் தாண்டி போர்ட் பிளேர் வருகிறாள். அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஃபீனிக்ஸ் பே ஜெட்டித் துறைக்கு நீயே போய் அவளை இறக்கிக்கொள். பாவம், படி தெரியாமல் தடுமாறுகிறாள். ஆட்டோவில் ஏற்றிவிட்டு அதற்கப்புறம் கடிதத்தைப் படி.

மழை பிடித்துக்கொண்டது. பின்பக்கத் தகரம் ஒழுகுகிறது. கப்பல் இரண்டு தடவை ரத்தானதில் காய்கறி யானை விலை. டியூஷனுக்கு ஏழு பிள்ளைகள் வருகிறார்கள். இரண்டு பேர் காசு தருகிறார்கள், ஒருத்தி தேங்காய் தருகிறாள், மற்றவர்கள் மரியாதை தருகிறார்கள். எலக்ட்ரானிக்ஸ் எஞ்சினீயர் நளினி தினமும் சாயங்காலம் மூன்றாம் வாய்பாடு ஒப்பிக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் அப்பா இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார். தீவுக்காரனைக் கட்டிக்கொண்டு என்ன கிழித்தாய் என்று கேட்க அவருக்கு ஒரு சாக்குக் கிடைக்கும்.

மாமா இப்போதெல்லாம் கடைக்குப் போனால் பாங்கு வாசல் வழியாகப் போவதில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கமாகச் சுற்றிப் போகிறார். உன் படிப்புக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அவர்தானே. பாமாயில் தோட்டத்தில் முதுகு ஒடிய வேலை பார்த்துச் சேர்த்த ஓய்வுப் பணத்தை எடுக்க விடாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். போன வாரம் பாங்கு மேனேஜர் அத்தையை மார்க்கெட்டில் பார்த்து, பையன் பெரிய ஆபீசர் ஆகிவிட்டானாமே, ஊரே சொல்கிறது, தவணை மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டாராம். அத்தைக்கு அதில் பாதிதான் காதில் ஏறியிருக்கிறது. மேனேஜரே உன்னை ஆபீசர் என்றார் என்று வீட்டுக்கு வந்து பூரித்துப்போனாள்.

சரி, நீ சொல்லிவிட்டுப் போன வேலைக்கு வருகிறேன்.

போன மாதம் நீ வந்தாயே, அந்த வரவை இந்த லயம் இன்னும் பேசி முடிக்கவில்லை. கழுத்தில் டை, காலில் ஷூ, கையில் தோல்பை. நீ ஜெட்டியில் இறங்கியபோது கூட வந்த சாமான்காரர்கள்கூட வழிவிட்டார்கள். அந்த ஷூவை நாம் படித்த கல்லூரியே கொடுத்துவிட்டு விலையை முதல் மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மாதத்துக்கு மூன்று பிள்ளைகளைச் சேர்த்துவிட்டால்தான் அந்தச் சம்பளமே உண்டு என்பதும், சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இருபதாயிரம் தனி என்பதும் அப்படித்தான். உங்கள் ஆபீஸில் பிள்ளைகளைப் பெயர் சொல்வதில்லை, தலை என்றுதான் சொல்வார்கள் என்று நீயே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாய். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

கோயில் முன்னால் எல்லோரையும் உட்காரவைத்துப் புத்தகம் கொடுத்துப் பேசினாய். போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டு, தம்பையா சித்தப்பா வீட்டில் அவர் மகள் புஷ்பாவைச் சேர்க்க ஐம்பதாயிரம் அட்வான்ஸ் வாங்கி அனுப்பு, நீ போனால் தட்டாமல் தருவார்கள் என்றாய். போனேன். ஆனால் பணம் வாங்கப் போகவில்லை, சுரேன். உண்மையைச் சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன்.

ஒச்சம்மா சித்தி டீ போட்டுக் கொடுத்தாள். புஷ்பா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நம்மோடு படித்த அறுபது பேரில் படித்த படிப்புக்கு வேலை பார்ப்பவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம் என்றேன். தாம்பரத்தில் நான் செல்போன் உறை விற்றதைச் சொன்னேன். நீ தண்ணீர் வடிகட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கியதையும், ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டதையும்கூடச் சொன்னேன். மன்னித்துக்கொள், உன் மானம் போனாலும் பரவாயில்லை, அந்தப் பெண் தப்பட்டும் என்று நினைத்தேன்.

சித்தப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். சித்திதான் சிரித்தாள். “ஏம்மா நளினி, வேல இல்ல வேல இல்லங்கிற. அப்ப நம்ம சுரேந்திரன் என்னா செய்யிறான்? போர்ட் பிளேருல ஆபீஸ் போட்டு ஒக்காந்திருக்கானே, அது நௌக்ரி இல்லியா?” என்று கேட்டாள்.

பிள்ளை பிடித்துக் கொடுப்பதுதான் அந்த வேலை, வேறு எந்த வேலையும் கிடைக்காததால்தான் அதற்குப் போனார் என்று நான் விளக்கினேன். அவள் அசரவில்லை. “பின்ன? படிச்ச பிள்ளைக்கு அந்தக் காலேசே வேல போட்டுக் குடுத்திருக்கு. இதவிட ஒனக்கு என்னாம்மா வேணும்?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த நீ கொடுத்த கல்லூரிப் புத்தகத்தை எடுத்துவந்து விரித்தாள். ‘வேலை பெற்ற நம் மாணவர்கள்’ என்ற பக்கத்தில் நீ இருக்கிறாய். மண்டல அலுவலர், அந்தமான் நிகோபார் என்று போட்டிருக்கிறது. அதில் ஒரு எழுத்து பொய் இல்லை, சுரேன்.

அப்போதுதான் சித்தப்பா வாயைத் திறந்தார். “நீங்க ரெண்டு பேரும் ஏறிட்டீங்க. எம்புள்ள ஏறக் கூடாதாம்மா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மெயின்லேண்டிலிருந்து வந்தவள், இந்தச் சனம் முன்னுக்கு வருவது அவளுக்குப் பொறுக்கவில்லை என்று அவர் நினைத்துவிட்டார். இலங்கைத் தோட்டத்தில் தேயிலை பறித்து, அங்கிருந்து இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டு, எண்ணெய்ப் பனைக் குலை வெட்டி, இப்போது ரோடு காண்ட்ராக்டரிடம் கல் சுமக்கிற மனிதர் அவர். அவரிடம் படிப்பு வீண் என்று சொல்ல நான் யார்? எனக்கே என் பேச்சு அசிங்கமாகத் தெரிந்தது.

சித்தி தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு செம்பருத்திப் பூ வைத்து, நடுவில் பணத்தை வைத்து நீட்டினாள். பெரியவன் பணம் என்றாள்.

புஷ்பாவின் அண்ணனைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன்னோடு பந்து விளையாடியவன். எனக்குக் கேட்டுத் தெரிந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்க ஜெட்டிப் பக்கம் போன பையன், சுனாமியில் கடல் உள்ளே வந்தபோது அங்கேயே போய்விட்டான். அவனுக்காக அரசாங்கம் கொடுத்த பணத்தை இந்த எட்டு வருடத்தில் அவர்கள் தொடவே இல்லையாம். வீடு கட்டும்போது தொடவில்லை. சித்தப்பா கால் ஒடிந்து படுத்திருந்தபோதும் தொடவில்லை. இப்போது அதை உடைத்து எடுத்து வந்திருக்கிறார்கள். அவனுக்குத்தான் படிக்கக் கொடுத்துவைக்கவில்லை, இவளாவது அவன் பணத்தில் படிக்கட்டும் என்று சொல்லி சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாங்கிக்கொண்டேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட முடியவில்லை என்று எழுதினால் நீ நம்புவாய், அது பாதி உண்மையும்கூட. மீதியையும் எழுதிவிடுகிறேன். திரும்பி வரும் வழியெல்லாம் நான் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். இந்த ஒரு பெண் சேர்ந்தால் பாங்குக்கு எத்தனை தவணை கட்டலாம், இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் மாமா நேர்வழியில் கடைக்குப் போகலாம் என்று கணக்கு. வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என்னைப்போல ஒரு கேவலமான பிறவி உண்டா என்று இருந்தது. அதனால் உன்மேல் மட்டும் பழி போடுகிறேன் என்று எண்ணாதே.

மறுநாள் புஷ்பா வந்தாள். ஹாஸ்டலில் தண்ணீர் உப்பாக இருக்குமா, ராத்திரியில் தனியாகப் படுக்க வேண்டுமா என்று என்னென்னவோ கேட்டாள். கடைசியில் தயங்கித் தயங்கி, “அண்ணி, மெக்கானிக்கல்னா என்னாத்தப் படிக்கணும்?” என்று கேட்டாள். அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்தது நீதானாம். அங்கே ஆள் சேரவில்லை என்று இந்த வருடம் மெக்கானிக்கலுக்கு ஐந்தாயிரம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு டீச்சர் ட்ரெய்னிங் படிக்கத்தான் ஆசை. போர்ட் பிளேரிலேயே படிக்கலாம், செலவும் அதிகமில்லை. உன் பேச்சைக் கேட்ட பிறகு வீட்டில் அந்த விண்ணப்பத்தை வாங்கவே விடவில்லை. மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது என்று அவளே சொன்னாள். சொல்லிவிட்டு, அப்பாகிட்ட சொல்லிராதீங்க அண்ணி என்று ஓடிவிட்டாள். உனக்குத் தங்கச்சி முறை ஆகிறவள் அவள்.

உன்னைத் திருடன் என்று நான் சொல்லமாட்டேன். முதல் வருடத்தில் மெஸ் பணம் கட்ட முடியாதவனுக்கு உன் தட்டில் பாதியைத் தள்ளிவைத்தவன் நீ. அதைப் பார்த்துத்தான் உன்னிடம் முதலில் பேசினேன். என் அப்பாவிடம் வந்து என்னை அந்தக் கல்லூரியில் சேர்த்துவிட்டவனும் இப்படி டை கட்டிக்கொண்டு வந்த ஒருவன்தான். அவனை நான் எத்தனை நாள் சபித்திருக்கிறேன் தெரியுமா? இப்போது யோசித்தால் அவனும் நமக்கு முன்னால் அங்கே படித்துவிட்டு, வேலை கிடைக்காமல், கடன்காரனுக்குப் பயந்து அலைந்தவனாகத்தான் இருக்க வேண்டும். நம்மைக் கொடுத்து அவன் தன் தவணையைக் கட்டியிருப்பான். நாம் புஷ்பாவைக் கொடுத்துக் கட்டுகிறோம். நாலு வருடம் கழித்து புஷ்பா யாரைக் கொடுப்பாள்?

பணம் என்னிடம்தான் இருக்கிறது. சொர்ணம்மா அக்காவிடம் கொடுத்தனுப்பவில்லை. நானே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நூறு தடவை யோசித்துவிட்டேன். கொடுத்தால் என்ன நடக்கும்? நளினிக்குப் பொறாமை என்று சொல்லிக்கொண்டு சித்தப்பா அடுத்த ஜஹாஜிலேயே ஏறி நேரே உன் ஆபீஸுக்கு வந்து மேஜைமேல் வைப்பார். இன்னும் நான்கு வீட்டில் தட்டு தயாராக இருக்கிறது. உன்னைக் காட்டித்தான் எல்லோரும் பிள்ளைகளிடம் பேசுகிறார்கள். நான் என் கதையைச் சொன்னாலும், உன் கதையைச் சொன்னாலும், நம்மோடு படித்த அறுபது பேர் கதையையும் சொன்னாலும் இவர்களுக்கு உன் வேலை ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆகவே சுரேன், மனதைக் கல்லாக்கிக்கொண்டு கேட்கிறேன். அந்த வேலையை விட்டுவிடு. நீ வேலையோடு இருக்கும்வரை நாம் என்ன சொன்னாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

இதனால் என்னென்ன வரும் என்று தெரியாமல் எழுதவில்லை. பாங்கில் வட்டி ஏறும். அத்தை தரையில் புரண்டு அழுவாள், மார்க்கெட்டில் தலைகாட்டமாட்டாள். மாமா பள்ளிக்கூடத்துப் பக்கமாகவே சுற்றிப் போய்க்கொண்டிருப்பார், அதுதான் அதைவிடக் கஷ்டம். பொண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டான் என்று என்னைத்தான் வைவார்கள். ரோடு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், சித்தப்பா பக்கத்திலேயே நீயும் கல் சுமக்க நேரலாம். அதற்கப்புறம் நல்ல காலம் வரும் என்று உன்னை ஏமாற்றவும் எனக்கு மனமில்லை. எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை.

மூன்று வருடம் உனக்கு ஒரு வேலை கிடைக்கட்டும் என்று நான் கும்பிடாத சாமி இல்லை. வேளாங்கண்ணிக்கும் போனோம், தர்காவிலும் கயிறு கட்டினோம். எல்லாச் சாமியும் சேர்ந்து கொடுத்த வேலை இது. அதை விட்டுவிட்டு வா என்று அதே நளினிதான் கெஞ்சுகிறேன். மாதம் முடிவதற்குள் வந்துவிடு. ஜெட்டியில் சனம் நிறைய நிற்கும்போதே இறங்கு. எங்கே ஆபீசரே, லீவா என்று யாராவது கேட்பார்கள். வேலை போய்விட்டது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்.

ஒன்றுமில்லாதவனாக நீ நல்லபடியாக வந்து சேர எல்லாத் தெய்வமும் துணை இருக்கட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
நளினி